பின்னறைத் தரைக்குக் கீழே

மன்னார்குடி
வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி

அன்பு மகள் வானதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் குளிருக்கு ஈடுகொடுத்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். வாரம் தவறாமல் வீடியோவில் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு உண்மை வாயில் வருவதில்லை, எல்லாம் நல்லா இருக்கும்மா என்றுதான் வருகிறது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. என் சிநேகிதர் இராஜாங்கத்தின் மகன் திங்கட்கிழமை டொராண்டோவுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தீபாவளி முடிந்ததிலிருந்து இங்கே மழை விட்டபாடில்லை. உன் சித்தப்பா அறுத்த குறுவை நெல் களத்திலேயே தார்ப்பாய்க்குள் முளைவிட்டுவிட்டது, சம்பா நட்ட வயலில் நாற்றுத் தலை தெரியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, நீ அனுப்பிய உறையை மாட்டிக்கொள் என்றால் சேலைக்குள் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். கடலில் இன்னொரு புயல் சின்னம் என்று டிவியில் சொல்கிறார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் படகுகளை எல்லாம் கரையேற்றிவிட்டார்களாம்.

விஷயம் உன் நீடாமங்கலத்து வீடு. வாராவாரம் நீ வீடு எப்படிப்பா இருக்கு என்று கேட்பதும் நான் நல்லா இருக்கு என்று சொல்வதும் வழக்கமாகிவிட்டது. ஆடி மாதத்திலிருந்து நான் சொன்னது அத்தனையும் பொய். முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்பட்டு நடுவில் போன் போடாதே, முழுக்கப் படி. ஃபாஜிலும் ஹுமைராவும் அங்கே குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். ஸ்டேஷன் ரோட்டில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பையன். அவள் நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரே பெண் அஃப்ரீன், இப்போது ஒன்றாம் வகுப்பு. நம்மிடம் வருவதற்கு முன்னால் ஏழு வீடு பார்த்தார்களாம். போனில் வாடகை பேசும்போது எல்லாரும் வாங்க வாங்க என்பார்களாம், நேரில் போய்ப் பேரைச் சொன்னதும் அடடா இப்பத்தான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சோம் என்பார்களாம். நான் உன்னைக் கேட்டேன், அதெல்லாம் பாக்காதீங்கப்பா, நல்ல மனுஷங்களா இருந்தா குடுங்க என்றாய். கொடுத்தேன். கொடுத்ததோடு சும்மா இருந்தேனா, டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லிச் சொல்லி என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஊரில் எவனும் கொடுக்காத வீட்டைத் துரைராசு கொடுத்தான் என்று பத்து பேர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் கொடுத்தேன் என்பதை மட்டும் எவனிடமும் சொல்லவில்லை.

இவர்களுக்கு முன்னால் இருந்த பேங்க் ஆபீசர் உனக்கு ஞாபகம் இருக்கும். குழாயில் சொட்டு விழுந்தால் போன், கொசு வலை கிழிந்தால் போன், ரயில் சத்தத்துக்குக்கூட என்னைத்தான் கூப்பிட்டார். இவர்கள் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு குறை சொன்னதில்லை. மோட்டார் காயில் போனால் ஃபாஜிலே கட்டிக்கொள்வான், மொட்டை மாடியில் ஒழுகினால் அவனே தார் அட்டை வாங்கி ஒட்டிக்கொள்வான், வாடகையை மட்டும் ஒன்றாம் தேதி காலையில் அனுப்பிவிட்டு மாமா பாத்துக்கோங்க என்று ஒரு குரல் கொடுப்பான். குடித்தனக்காரன் என்றால் இவன்தான் என்று நான் பூரித்துப்போனேன். குறை சொன்னால் காலி பண்ணச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் அந்தப் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. நீ உங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னாயே, அதற்காகவும் இதை எழுதுகிறேன். குடி இருப்பவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சந்தோஷப்படாதே. மாதம் ஒருமுறை நீயே இறங்கிப் போய் சுவரைத் தொட்டுப் பார், ஹீட்டரைப் பார், அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பார். மாப்பிள்ளையையும் கூட அழைத்துப் போ, அவர் வீட்டு விஷயத்தில் உன்னைவிட நிதானம்.

ஆடியில் தேங்காய் பறிக்க ஆள் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவன் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். அறை நடுவில் ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது, கட்டில் சுவரோரமாக ஒதுங்கியிருந்தது. பாய் ஒரு பக்கம் பள்ளமாகத் தெரிந்தது. காலால் விலக்கினேன். நாலு டைல்ஸ் உள்வாங்கியிருந்தது, இடுக்கில் வெள்ளை சிமெண்ட் பூசி, கறை தெரியாமல் துடைத்து, அவ்வளவு நேர்த்தியாக மறைத்திருந்தான் ஃபாஜில். விரல் மடக்கித் தட்டினேன். மில்லில் காலி பாய்லரைத் தட்டினால் வருகிற சத்தம் வந்தது. ஏன் தம்பி சொல்லவில்லை என்று கேட்டேன். சின்ன விஷயந்தான் மாமா, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு நானே பூசிட்டேன் என்றான். அப்போது அஃப்ரீன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தாத்தா, மழ பெஞ்சா கீழ யாரோ அரிசி அளக்குறாங்க என்றாள். என்னம்மா சொல்லுற என்றேன். ஆமா தாத்தா, மரக்கால்ல கொட்டுற மாதிரி சரசரன்னு கேக்கும், அப்பறம் நின்னுடும் என்றாள். ஹுமைரா ஓடிவந்து பிள்ளையின் வாயைப் பொத்தி, அது எதையாவது ஒளறும் மாமா, நீங்க மனசுல வச்சுக்காதீங்க, வீடு எங்களுக்கு ரொம்ப வசதியா இருக்கு என்றாள். குழந்தை உளறவில்லை என்று அந்த அறையில் நின்ற நாலு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இனி சொல்லப் போவதை உன்னிடம் பதின்மூன்று வருஷமாக மறைத்திருக்கிறேன். அந்த மனையை நாம் வாங்கியபோது தென்மேற்கு மூலையில் ஒரு பழைய கிணறு இருந்தது. எட்டடி அகலம், முப்பதடிக்குக் குறையாத ஆழம். நீ அப்போது சென்னையில் வேலையில் இருந்தாய், மனையைப் பார்க்க வந்த அன்றைக்கு அது ஆமணக்குப் புதருக்குள் மறைந்து கிடந்தது. நானும் காட்டவில்லை. கட்ட வந்த குணசேகரன் மேஸ்திரி ஆற்று மணலும் செங்கல் உடைசலும் போட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து, ரெண்டு மழைக்காலம் ஆறப்போடுங்க, அதுக்கு மேல அறை மட்டும் கட்டாதீங்க என்று தலைதலையாக அடித்துக்கொண்டார். அன்றைக்கு மணல் விற்ற விலை உனக்குத் தெரியாது. நானோ அரிசி மில் மேனேஜர். பாய்லருக்குப் பின்னால் உமிச் சாம்பல் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, யாராவது அள்ளிப்போனால் போதும் என்று முதலாளி சொல்கிறார். டிராக்டர்காரனுக்கு டீக்காசு கொடுத்து நாற்பது நடை அடித்தேன். கிணறும் நிரம்பியது, மனையும் மேடானது, மேலே ஒரு அடிக்குக் கிராவல் பரப்பியதும் சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. மணல் வாங்காமலே காரியத்தை முடித்தேன் என்று எனக்கு அப்படி ஒரு மிதப்பு. கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாயாவது நட்டு வையுங்கள், பால் ஊற்றிச் சூடம் காட்டிவிட்டு மூடுங்கள் என்று உன் அம்மா சொன்னாள். கிணறு என்ன உன் மாமியாரா, மூச்சு விட்டால் என்ன விடாவிட்டால் என்ன என்று கிண்டல் செய்தேன். சாம்பல் என்று அவளிடமும் சொல்லவில்லை, மணல் என்றுதான் சொன்னேன். வாஸ்து பார்க்க வந்தவரிடம் கிணறு இருந்த விஷயத்தையே மறைத்தேன், தென்மேற்கில் பள்ளம் என்றால் அந்த மனுஷன் வீட்டையே திருப்பிப்போடச் சொல்லியிருப்பார். அவர் அந்த மூலையில் பெரிய படுக்கையறை வரவேண்டும் என்று வரைந்து கொடுத்தார், நீ சந்தோஷமாகத் தலையாட்டினாய், நான் வாயை மூடிக்கொண்டேன். சுவருக்கு மட்டும் மேஸ்திரி கம்பி கட்டிச் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டார், அதனால் சுவர் நின்றது. தரை சாம்பலின் மேல் கிடந்தது.

மழைத் தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருந்தவரை சாம்பலும் பேசாமல் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் தெருவை உயர்த்திப் போட்டார்கள், அதிலிருந்து கொல்லையில் தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய தண்ணீர் கீழே இறங்குகிறது, இறங்கும்போது சாம்பலையும் கூட்டிக்கொண்டு போகிறது. குழந்தை கேட்ட அரிசி அதுதான். ஆடியிலேயே எனக்கு இது புரிந்துவிட்டது வானதி, முப்பது வருஷம் சாம்பலோடு குடித்தனம் பண்ணியவன் நான். அன்றைக்கே அந்தப் பையன் தோளில் கை போட்டு, தம்பி, கீழே கிணறு இருக்கிறது, உடனே கிளம்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொன்னால் ஊருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், உன் சம்பாத்தியத்தைச் சாம்பலில் போட்டவன் உன் அப்பன் என்று ஆகும். அதனால் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன். பின்னறையை அவ்வளவா புழங்காதீங்க தம்பி, படுக்கையை முன்பக்கம் போட்டுக்குங்க என்று மட்டும் பட்டும் படாமல் சொல்லிவிட்டு வந்தேன். காரணம் சொல்லவில்லை. அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா. முதலில் ஒரு அறையைக் கேட்கிறார், அடுத்த மாதம் வீட்டையே கேட்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாவது வீட்டைத் தேட வேண்டுமே என்று ஹுமைரா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம், இதை நேற்றுதான் உன் அம்மாவிடம் சொன்னாள். வீட்டை நாம் எவ்வளவு நன்றாக வைத்துக்கொள்கிறோம் என்று மாமாவுக்குக் காட்டினால் மனசு மாறிவிடும் என்று ஃபாஜில் நினைத்திருக்கிறான். ஆவணியில் தன் செலவில் அந்த அறைக்குப் புது டைல்ஸ் போட்டுவிட்டான். பழைய தரைமேலேயே ஜல்லி கலந்து கொட்டி மட்டம் பண்ணி, அதற்கு மேல் வெள்ளை டைல்ஸ். படுக்கையை நான் சொன்னபடி ஹாலுக்கு மாற்றிவிட்டு, ஹாலில் இருந்த இரும்பு பீரோவையும் அவள் தையல் மெஷினையும் அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்தான். போன் பண்ணி, மாமா ஒருநாள் வந்து பாருங்க, ரூம் புதுசா இருக்கு என்றான். நல்லது தம்பி என்றேன். அத்தனை பாரத்தையும் அவன் ஏற்றி வைத்தது எனக்குப் பயந்து. நான் சும்மா இருந்தது உங்களுக்கெல்லாம் பயந்து.

போன திங்கட்கிழமை மழை சற்று விட்டிருந்தபோது போய்ப் பார்த்தேன். ஃபாஜில் கடையில் இருந்தான். புது டைல்ஸ் பளபளவென்றுதான் இருந்தது, பீரோவுக்குப் பக்கத்து மூலையில் மட்டும் நாலு விரற்கடை இறங்கி, ஒரு டைல்ஸ் முனை உடைந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கொல்லையில் துணி காயப்போடுகிற மூங்கில் கழி ஒன்று கிடந்தது, பன்னிரண்டு அடி இருக்கும். ஹுமைரா காபி போட அடுப்படிக்குப் போன நேரத்தில் அதை எடுத்துவந்து ஓட்டைக்குள் விட்டேன். முழுக்கழியும் உள்ளே போனது. என் முழங்கை தரையில் தட்டியது, கழி கெட்டியான எதிலும் தட்டவில்லை. வெளியே இழுத்தபோது நுனியில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. அந்த அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன், என் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மெல்ல மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன். கழியைத் துடைத்து இருந்த இடத்தில் போட்டேன். அவள் காபியோடு வந்தாள், என் முகத்தைப் பார்த்து என்ன மாமா என்றாள். எலி வளைம்மா, ஆள் அனுப்பி அடைக்கச் சொல்றேன், அதுவரைக்கும் அந்த மூலைக்குப் போகாதீங்க என்றேன். காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் காலை குணசேகரன் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டார். மொதல்ல ஆளுங்கள வெளிய எடுங்க, அப்பறம் எங்கிட்ட பேசுங்க என்று வைத்துவிட்டார். அதற்கப்புறமும் நான் போகவில்லை. மழை விடட்டும், சனிக்கிழமை ஃபாஜில் வீட்டில் இருப்பான், நிதானமாகப் பேசலாம் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்குத் தரை போய்விட்டது. வானதி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முதலில் அதை மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி. பீரோவில் ஒரு ஆளுயரக் கண்ணாடி உண்டு. பள்ளிக்கூட நாளில் எட்டரை மணிக்கு அஃப்ரீன் அந்தக் கண்ணாடி முன்னால் நிற்பாள், ஹுமைரா பின்னால் நின்று தலை பின்னுவாள். மூலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொன்னதற்கு, அவர்கள் பீரோவைத் தாண்டிப் போவதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள். செய்தி வந்ததும் குழந்தை மறுபடி போர்வைக்குள் போய்விட்டது. தாய் அடுப்படியில், தகப்பன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில். லீவு விடாமல் இருந்திருந்தால் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, நீயே நினைத்துக்கொள், நான் மூன்று நாளாக வேறு எதையும் நினைக்கவில்லை. சொல்லத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன், அதற்குள் நடந்துவிட்டது என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. ஃபாஜில் போன் போட்ட பிறகுதான் சட்டையையே மாட்டினேன். அம்மாவும் கூட வந்தாள். ஆட்டோவில் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அறை வாசலில் நின்று பார்த்தோம். நடுவில் பெரிய வட்டமாக வாய் திறந்து கிடந்தது, வரம்பில் பழைய கிணற்றின் உறைக்கல் தெரிந்தது. வெள்ளை டைல்ஸ் உடைந்து பல் மாதிரி சுற்றிலும் நின்றது. பீரோவின் தலை மட்டும் ஆறேழு அடிக்குக் கீழே சரிந்து தெரிந்தது, சுற்றிலும் கறுப்புத் தண்ணீர், தையல் மெஷினைக் காணோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஓரத்திலிருந்து சரசரவென்று சாம்பல் இறங்கியது. அம்மா குனிந்து வரம்பில் ஒட்டியிருந்ததை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள். மில்காரன் பெண்டாட்டிக்குச் சாம்பல் வாசனை தெரியாதா.

அப்போதுதான் ஹுமைரா முன்னால் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். மன்னிச்சிருங்க மாமா, நாங்க ஒண்ணும் பண்ணல, டைல்ஸ் போட்ட பாரத்துலதான் எறங்கிருச்சு போலருக்கு, ஒங்கள கேக்காம போட்டது தப்புதான், அவரு எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுவாரு, காலி பண்ணச் சொல்லிடாதீங்க மாமா என்றாள். ஃபாஜில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா. பரவால்லம்மா, உயிருக்கு ஒண்ணும் ஆகலையே என்றேன். அந்தப் பிள்ளையை நான் மன்னித்தேன் வானதி. அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், துரைராசு எவ்வளவு பெருந்தன்மையான ஆள் என்று ஒருத்தர் சொன்னதும் என் காதில் விழுந்தது. மறுக்க வாய் திறக்கவில்லை.

அன்றைக்கே மூன்று பேரையும் அம்மா நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். உன் அறையைக் கொடுத்திருக்கிறோம். அஃப்ரீன் உன் பழைய கேரம் போர்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு தனியாகவே ஆடுகிறாள். அந்த வீட்டைப் பூட்டி வாசலில் கயிறு கட்டியிருக்கிறேன். நேற்றே ஒரு புரோக்கர் வந்து நின்றான், நாலு லோடு கிராவல் அடிச்சு மேல காங்கிரீட் போட்டுட்டா ஒண்ணும் தெரியாது சார், வெளியூர் ஆளாப் பாத்து வித்துடலாம் என்றான். துரத்திவிட்டேன் என்று எழுத வேண்டும். பார்க்கலாம் என்றுதான் சொல்லி அனுப்பினேன், அதையும் எழுதிவிடுகிறேன். ராத்திரி அம்மா என்னிடம் கோபப்படவில்லை, அழவில்லை. வெள்ளிக்கெழம அந்தப் புள்ள தொழுதுட்டு வந்ததும் நீங்க சொல்றீங்க, இல்லன்னா நான் சொல்லுவேன் என்றாள். நாற்பது வருஷத்தில் அவள் எனக்குக் கெடு வைத்தது இதுதான் முதல் தடவை. இப்போது மணி பன்னிரண்டே கால். அவன் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறான். வாயால் சொன்னால் பாதியில் மறுபடியும் நல்ல பிள்ளையாகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அதனால் உனக்கு எழுதிய இந்தத் தாள்களையே அவன் கையில் கொடுக்கப் போகிறேன். அவன் படித்த பிறகு மீதியை எழுதுகிறேன்.

மாலை ஐந்து மணி. படித்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காராமல் ஜன்னல் பக்கம் நின்றே படித்தான். கிணற்றைப் பற்றி எழுதிய தாளை முடித்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தான். கத்துவான், அடிக்கக் கை ஓங்குவான் என்று நினைத்தேன், ஓங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்து, பறக்காமல் இருக்க என் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேலே வைத்தான். எலி வளைன்னு சொன்னப்ப ஒங்களுக்குத் தெரியுமா மாமா என்றான். தெரியும் என்றேன். அவ கையெடுத்துக் கும்புட்டு மன்னிப்புக் கேட்டப்பவும் தெரியும்ல என்றான். தெரியும் தம்பி என்றேன். அவன் கண்ணில் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். உள்ளே போய் ஹுமைராவிடம் துணியை எடுத்து வை என்றான். முத்துப்பேட்டையில் அவள் தாய்வீட்டுக்குப் போகிறார்களாம். புயல் வருகிற நேரத்தில் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள், கடந்த பிறகு போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். இல்ல அத்த, அங்கயாவது கீழ என்ன இருக்குன்னு தெரியும் என்று அவளிடம் பணிவாகத்தான் சொன்னான். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை வாங்கிக்கொண்டான். ஹுமைரா என் பக்கம் திரும்பவில்லை. அஃப்ரீன் கேரம் காய்களை எண்ணி டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்து, தாத்தா, செவப்பு காயக் காணோம், நான் எடுக்கல என்றாள். இந்த வயதிலேயே அப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள். வாசலில் மழையில் பைக்கைத் திருப்பி நிறுத்திவிட்டு, மனைவியையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஃபாஜில் ஒரு நிமிஷம் நின்றான். மூன்று வருஷமாக என்னை வாய் நிறைய மாமா என்று கூப்பிட்ட பையன். வர்றோம் சார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வானதி, நீ கோபப்படு. பேச வேண்டாம் என்று தோன்றினால் கொஞ்ச நாள் பேசாதே, அம்மாவிடம் பேசு, அவள் மீது ஒரு தப்பும் இல்லை. ஹுமைராவின் நம்பர் உன்னிடம் இருக்கிறது, என்னிடம் பேசுவதற்கு முன் அவளிடம் பேசு, வீட்டுச் சொந்தக்காரி என்ற முறையில் நீ கேட்க வேண்டியதை நீ கேள். அவர்கள் இழந்ததற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீயே முடிவு செய், நான் கணக்குப் போட்டால் மறுபடி சாம்பல்தான் கொட்டுவேன். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், என் பேரன் எந்த அறையில் படுத்தாலும் அச்சமில்லாமல் தூங்கி எழ வேண்டும், மன்னார்குடி ராஜகோபாலனை அதற்காகவே வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வீட்டை விற்கவும் வாடகைக்கு விடவும் என் பேரில் எழுதிக் கொடுத்திருக்கிறாயே பவர் பத்திரம், இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அதை ரத்து செய்ய ஏற்பாடு பண்ணு. வேண்டாம்மா, நான் திருந்திவிட்டேன் என்று போனில் சொல்வேன். அப்போதும் ரத்து செய்.

இப்படிக்கு,
உன் அப்பா,
துரைராசு